கட்டைவிரல் அளவு ஈயம்

கறம்பக்குடிக்கு வெளியே, சாலையை ஒட்டி இருந்த ஓர் அரிசி ஆலையில் நான்கு வருடம் பாய்லர் ஓட்டினேன். ஓட்டினேன் என்று சொன்னாலும் அது எங்கும் போகாது. உமியைத் தள்ளி, தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்து, அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் காவல் காத்து, அது இருந்த இடத்திலேயே இருக்கும்படி செய்வதுதான் வேலை. அதற்கு என்னிடம் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். பெண் பார்க்கப் போனபோது அதையும் கையோடு எடுத்துப் போனேன். பெண்ணின் தகப்பனார் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொத வகுப்பு கெடைக்கலீங்களா?" என்று கேட்டார். பெண்ணைக் கொடுத்துவிட்டார். அந்தக் கேள்வியை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி கேட்டுக்கொண்டிருந்தார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாங்கள் எல்லாரும் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆகி ஏழெட்டு வருடம் இருக்கும். ஆலை முதலாளி திருமயம் பக்கத்துக் கிராமத்துக்காரர். பர்மாவில் வியாபாரம் பார்த்தவர். யுத்தத்தின்போது அங்கிருந்து நடந்தே வந்ததாக அவர் சொல்வார். கப்பலில் வந்ததாக அவர் மனைவி சொல்வார். அந்த அம்மாவை ஆலையில் எல்லாரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. முதலாளி சொல்லும் எந்தக் கதைக்கும் ஆச்சியிடம் கொஞ்சம் சுருக்கமான இன்னொரு கதை இருக்கும்.

பாய்லர் புதிதல்ல. எங்கேயோ மூடிப்போன பஞ்சாலையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது. வந்த நாளிலிருந்து முதலாளிக்கு அதன்மேல் தனிப் பாசம். தினமும் காலையில் அதற்குச் சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமையானால் மாலை. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோடு பாய்லரைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். இரும்பின் கனத்தை விரலால் அளந்து காட்டுவார். "வெள்ளக்காரன் செஞ்ச இரும்பு. நமக்கப்புறம் நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்பார்.

அந்த இரும்பில் அவருக்குப் பிடிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். அடுப்பின் மேல் கூரையில் ஒரு திருகு உண்டு. கட்டைவிரல் பருமன். வெளியே பித்தளை, நடுவில் துளை, துளைக்குள் வெள்ளீயம் ஊற்றி அடைத்திருக்கும். ஈய பிளக் என்போம். அதற்கு மேலே தண்ணீர், கீழே நெருப்பு. தண்ணீர் இருக்கும்வரை அந்த ஈயத்தைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஈயம் உருகி விழும். விழுந்த துளை வழியாக நீராவியும் மிச்சத் தண்ணீரும் நெருப்பில் கொட்டி அதை அணைத்துவிடும். அணைக்காவிட்டால் வெறும் இரும்பு பழுத்து, உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் பாய்லர் வெடிக்கும். வெடித்தால் பேரன் காலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதை நான் முதலாளிக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப உருகுறதுக்குன்னே ஒரு சாமானை வாங்கி மாட்டியிருக்கோமா?" என்றார்.

"ஆமாங்க மொதலாளி."

"உருகாத சாமான் எதுவும் கெடைக்கலையா?"



அந்தக் காலத்தில் தினமும் காலையில் கண்ணாடிக் குழாயின் அடியில் உள்ள திருகைத் திறந்து, படிந்திருக்கும் சேற்றை வெளியே தள்ள வேண்டும். அப்படித் திறக்கும்போது கொஞ்சம் நீராவியும் போகும். முதலாளிக்கு அது பொறுக்காது. "சூடு பண்ணுன தண்ணியை இப்புடி அங்கிட்டு வீசுறீரே, நெல்லு வேகவா, நாய் குளிக்கவா?" என்பார். அவர் கேட்டுக் கேட்டு நானும் தினமும் செய்வதை இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று ஆக்கினேன். பிறகு அவர் ஊரில் இல்லாத நாள் மட்டும் என்று ஆயிற்று. குற்றம் அவருடையது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். திருகு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மகளுக்கு வரன் பேசி வந்த சம்பந்தி வீட்டாரை ஒருநாள் முற்பகலில் முதலாளி பாய்லர் காட்ட அழைத்து வந்தார். வந்தவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம். முதலாளியும் அப்படியே. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதி மட்டத்தில் நின்றது. நின்றது என்பதுதான் வினை. அடியில் சேறு அடைத்துவிட்டதால், உள்ளே தண்ணீர் இறங்கியும் குழாயில் இருந்தது இறங்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்திருக்கிறது. முதலாளி அடுப்பின் வாயைச் சுட்டிக்காட்டி வெள்ளைக்காரன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். உள்ளே புஸ்ஸென்று ஒரு சத்தம். அதற்கு அடுத்த நொடி உமிச்சாம்பல் முழுவதும் நீராவியோடு சேர்ந்து அடுப்பு வாயால் வெளியே வந்தது.

யாருக்கும் காயமில்லை. எல்லாரும் பக்கவாட்டில் நின்றிருந்தோம். புகை விலகியபோது முதலாளியும் சம்பந்தியும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்று தெரியவில்லை. சம்பந்தி அங்கவஸ்திரத்தை உதறினார். பிறகு, "தெனமும் இப்புடித்தானா?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது பிளக்கின் புண்ணியம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முதலாளி கேட்கவில்லை. அவர் கணக்கு நேராக இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாய்லர். ஒரு பிளக் உருகியது. பாய்லர் நின்றது. ஆகவே குற்றவாளி பிளக். தண்ணீர் இறங்கியது, குழாய் அடைத்தது எல்லாம் நான் தப்பிக்கச் சொல்லும் சாக்கு.

புது பிளக் மதராஸிலிருந்துதான் வர வேண்டும். எழுதிப் போட்டு, ரயிலில் வந்து சேரப் பத்து நாள் ஆகும். அதுவரை தொட்டியில் ஊறப்போட்ட நெல் காத்திருக்காது. இரண்டாம் நாளே புளித்த வாடை சாலைவரை அடித்தது. பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி சந்தைக்கு ஆள் அனுப்பி, அங்கே ஓட்டைக் குடம், அண்டா பற்றவைக்கும் ஒருவரைக் கூட்டிவரச் செய்தார். சுத்தமான மனிதர். கையில் கரி அடுப்பு, செம்பு முனை வைத்த பற்றுக்கோல், நவச்சாரக் கட்டி, ஈயக் குச்சிகள். துளையைப் பார்த்தார். சிரித்தார்.

"இதுக்கா கூப்புட்டீங்க? ஒரு வெத்தலை போடுற நேரம்."

"ஒங்க குச்சியில என்ன கலந்திருக்கு?" என்று கேட்டேன்.

"பாதி வெள்ளீயம், பாதி காரீயம். எங்க அய்யா காலத்துலேருந்து இதுதான். கோலைக் காட்டுனாப் போதும், சட்டுனு உருகி ஓடிப்போயி ஒட்டிக்கிரும்."

 வெள்ளீயம் தனியாக இருந்தால் ஓரளவு சூட்டைத் தாங்கும். காரீயம் தனியாக இருந்தால் அதைவிட அதிகம் தாங்கும். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் எங்காவது உருகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கலந்தது இரண்டையும்விட முன்னதாகவே இளகிவிடும். தனித்தனியே பிடிவாதமாக இருக்கிற இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்வது உலோகத்திலும் உண்டு. குடத்தைப் பற்றவைக்க அதுதான் வசதி. குடத்தின் தகடு கருகாமல் பற்று ஒட்டும். ஆனால் பாய்லரில் நூறு பவுண்டு அழுத்தம் ஏறும்போது உள்ளே இருக்கிற தண்ணீரே கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் நிறைய இருக்கும்போதே பற்று இளகிவிடும்.

இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். அவர் பற்றவைப்பவரைப் பார்த்தார். பற்றவைப்பவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொடத்துல ஒட்டுனது பாய்லர்ல ஒட்டாதா? தண்ணி தண்ணிதானேய்யா" என்றார் முதலாளி.

மறுநாள் அடுப்பு மூட்டினோம். அழுத்தம் நாற்பதில் ஒன்றுமில்லை. அறுபதில் ஒன்றுமில்லை. முதலாளி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். எண்பதைத் தாண்டியதும் கூரையிலிருந்து சொட்டு விழ ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பிளக் வாயைத் திறந்துவிட்டது. பாய்லர் நிறையத் தண்ணீர். நெருப்பு அணைந்தது.

பற்றவைப்பவர் திரும்ப வந்தார். இந்த முறை இன்னும் கொஞ்சம் ஈயம் சேர்த்துக் கெட்டியாக அடைத்தார். அது மறுநாள் மதியம்வரை நின்றது. மூன்றாவது முறை முதலாளி கண்ணேறு கழிக்கப் பூசணிக்காய் உடைத்தார். பூசணிக்காயும் எண்பதைத் தாண்டவில்லை. பற்றவைப்பவர் சாமானைக் கட்டிக்கொண்டு, "எனக்கு எந்தக் கொடமும் இப்புடிப் பண்ணுனதில்லைங்க" என்று மனம் நொந்து சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. அவர் செய்தது அருமையான பற்று. தவறான ஓட்டையில் செய்தார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே முதலாளி புதுக்கோட்டைக்குப் போய், ஒரு லேத்துப் பட்டறையில் அதே அளவுக்கு முழுப் பித்தளையில் ஒரு போல்ட்டு கடைந்து வாங்கி வந்தார். துளையும் இல்லை, ஈயமும் இல்லை. உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார்.

"இது உருகுதான்னு பாப்பம். மதராஸுக்கெல்லாம் எழுத வேண்டாம்."

மாட்டினேன். அந்த வரியை எழுதும்போது இப்போதும் கொஞ்சம் தயங்குகிறேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சட்டம் போட்ட சான்றிதழ் எதற்கு இருக்கிறது? ஆனால் கல்யாணமாகி ஆறு மாதம். மாமனார் தீபாவளிக்கு வருவார். ஸ்பானரை எடுத்து இறுக்கமாகவே மாட்டினேன்.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படி ஓடியது. பாய்லர் கொட்டகைக்குப் பின்னால்தான் நெல் காயப்போடும் களம். இருபது பெண்கள் காலையிலிருந்து காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு, பேசிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டு இருப்பார்கள். அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்துபோய்க் கண்ணாடிக் குழாயைத் தட்டிப் பார்ப்பேன். அடித் திருகை இப்போது தினமும் மூன்று முறை திறந்தேன். முதலாளி கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆச்சரியம், அவர் கேட்கவில்லை. உருகாத போல்ட்டு கிடைத்த சந்தோஷத்தில் என்னை மன்னித்துவிட்டார்.

அப்போதுதான் பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்தது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தாளு பிளக்கைக் கேப்பாரு. போல்ட்டு மேல கொஞ்சம் ஈயத்தைத் தடவி விட்டுரும். பாக்க பிளக்கு மாதிரி இருந்தாப் போதும்."

அதற்கும் தலையாட்டினேன். பாய்லரின் பழைய காகிதங்கள் அவர் வீட்டில் இருந்தன. வாங்கி வரச் சொன்னார். ஆலை வளாகத்துக்குள்ளேயேதான் வீடு. போனபோது அடுப்படியிலிருந்து புகையும் புளி கருகிய நெடியும் வந்தது. ஆச்சி கரண்டியால் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். சாம்பலுக்குள் வெள்ளை வெள்ளையாய் ஏதோ மின்னியது.

"வாங்க தம்பி. ஒங்க மொதலாளி காயிதம் எங்க, காயிதம் எங்கன்னு கூப்புட்டுக் கூப்புட்டு, இந்தா, ரசம் வச்ச ஈயச் சொம்பு போச்சு."

"எப்புடிங்க ஆச்சி?"

"எப்புடி என்ன? புளித்தண்ணி இருக்கிறமட்டும் அது அடுப்புல சமத்தா உக்காந்திருக்கும். எவ்வளவு எரிச்சாலும் ஒண்ணும் ஆகாது. தண்ணி வத்துச்சுன்னா கண்ணு மூடித் தொறக்கங்குள்ள ஒழுகிரும். இது தெரியாமயா ஈயச் சொம்பு வச்சிருப்பாக?"

நான் ஒரு வாரம் படம் போட்டு முதலாளிக்கு விளக்கியதை, ஆச்சி சாம்பலைக் கிளறிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் காப்பி கொடுத்தார். பாய்லர் கூரையில் இருக்கிற பிளக்கைப் பற்றிச் சொன்னேன். பாதி சொல்லும்போதே தலையை ஆட்டினார்.

"அதுவும் சொம்பு மாதிரித்தான். சரி, இப்ப அதுல என்ன போட்டிருக்காக?"

"பித்தளை போல்ட்டுங்க. முழுசா."

 களத்தில் பெண்கள் பேசுகிற சத்தம் அங்கேயும் கேட்டது.

"நீங்கதான் மாட்டுனீங்களா?"

"ஆமாங்க."

ஆச்சி திட்டியிருந்தால் தேவலை. சாம்பலிலிருந்து ஈயத்தையெல்லாம் பொறுக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கி, கழுவின தரையில் நீளமாக ஊற்றினார். ஆறியதும் எடுத்து என் காதோரமாக வைத்து வளைத்தார். கிறீச்சென்று மெல்லிய ஒரு சத்தம் வந்தது.

"கேட்டுச்சா? அழுவுது பாருங்க. காரீயம் கலந்திருந்தா அழாது. கும்பகோணத்துல எங்கம்மா வாங்கிக் குடுத்த சொம்பு. கொண்டுபோங்க."

அமாவாசையன்று ஆலைக்கு விடுமுறை. பாய்லரை முந்தின நாளே ஆறவிட்டு, போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை போனேன். முதலாளிக்கு அதைக் கடைந்து கொடுத்த அதே லேத்துக்காரர்தான். நடுவில் துளை போட்டுத் தரச் சொன்னேன். தண்ணீர்ப் பக்கம் அகலமாகவும் நெருப்புப் பக்கம் குறுகலாகவும் சரிவாக இருக்க வேண்டும், அப்போதுதான் அழுத்தம் ஈயத்தைப் பிதுக்கி வெளியே தள்ளாது என்று படம் வரைந்து காட்டினேன்.

"போன மாசம் ஓட்டை வேண்டாம்னாரு. இந்த மாசம் ஓட்டை வேணுங்கிறீங்க. ஒங்க ஊர்ல பேசி ஒரு முடிவு பண்ணிக்கிட்டு வரக்கூடாதா?" என்றார் அவர். ஆனாலும் சுத்தமாகப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வந்து துளையை நவச்சாரம் போட்டுத் தேய்த்து, மெல்லிசாக ஈயம் பூசி, அதன்மேல் ஆச்சியின் ஈயத்தை ஊற்றி நிறைத்தேன். சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டேன். முதலாளி வந்து அடுப்புக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வெள்ளையாகத் தெரிந்தது.

"அசல் மாதிரியே இருக்கே" என்று என் முதுகில் தட்டினார். அவர் அசலை வேண்டாம் என்றதால், போலி என்று சொல்லி அசலை மாட்ட வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். பாய்லரை எண்ணெய்த் துணியால் தொட்டுப் பார்த்தார். சந்தனம் குங்குமம் எதற்கு என்று கேட்டு, விதியில் அதற்குத் தடையில்லை என்று தானே சொல்லிக்கொண்டார். எச்சரிக்கைப் பலகையில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்று கால் மணி நேரம் பேசினார். முதலாளிக்குத் தைரியம் வந்துவிட்டது. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் குனிந்து, அடுப்புக்குள் தலையை விட்டு, பிளக்கைப் பார்த்தார். பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார்.

 கத்தி ஒரு சுரண்டு சுரண்டியது. வெள்ளைச் சுருள் ஒன்று விழுந்தது. இன்னொரு சுரண்டு. இன்னொரு சுருள். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த சுரண்டலில் பித்தளை மஞ்சளாய்ப் பல்லைக் காட்டும் என்று அவர் காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் கத்தி முனையை ஆழமாகவே குத்திப் பார்த்தார். அதுவும் வெள்ளைதான்.

"சுத்தமான வெள்ளீயம். இந்தப் பக்கத்துல எந்த மில்லுலயும் நான் பாத்ததில்லை. யார் ஊத்தினது?"

முதலாளிக்குக் குழப்பம்தான். ஆனால் குழப்பத்திலும் வாய் தடுமாறவில்லை. "நாந்தாங்க நின்னு பாத்து ஊத்தச் சொன்னேன்" என்றார்.

சாப்பாடு முதலாளி வீட்டில். இன்ஸ்பெக்டர் குஷியாகிவிட்டார். இலையில் சாதத்தைப் பிசைந்துகொண்டே உருகுகிற உலோகங்களின் வகைகளைச் சொன்னார். பிஸ்மத், காட்மியம் என்று இன்னும் இரண்டைச் சேர்த்தால், ஈயமும் காரீயமும் வெந்நீரிலேயே உருகிவிடும் என்றார். பெரிய ஊர்களில் பஞ்சுக் கிடங்குகளின் கூரையில் தண்ணீர்க் குழாய் ஓடுமாம். குழாய் வாயின் மூடியை அந்தக் கலவையால் பற்றவைத்திருப்பார்களாம். தீப்பிடித்துச் சூடு ஏறியதும் பற்று விட்டு, மூடி தெறித்து, தண்ணீர் தானாகக் கொட்டுமாம்.

"உருகுறதையே உத்தியோகமா வச்சிருக்கானுக" என்று முதலாளி வியந்தார். பிளக் உருகிய நாளிலிருந்து அவர் அந்தச் சொல்லைக் கோபமில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜீப் போனதும் கோபம் திரும்பி வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

"என்னைய ஏமாத்தி உண்மையான பிளக்கை மாட்டியிருக்கீரு" என்றார். அப்படி ஒரு குற்றச்சாட்டு என்மேல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. "இன்னொரு போல்ட்டு கடைஞ்சு வாங்கிட்டு வாரேன். நாளைக்கே மாட்டும்."

உள்ளிருந்து ஆச்சி வெளியே வந்தார். அவர் குரல் உயரவில்லை.

"மாட்டட்டும். மாட்டுனதும் ஒரு நாற்காலியைப் போட்டு அடுப்புக்கு முன்னாடி நீங்க உக்காருங்க. தம்பி வீட்டுக்குப் போகட்டும். களத்துல இருக்கிற புள்ளைகளையும் நான் வீட்டுக்குப் போகச் சொல்லிர்றேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உக்காந்துட்டு வாங்க. பெறகு வருசம் பூராவும் போல்ட்டே இருக்கட்டும்."

முதலாளி மேஜைமேல் இருந்த மைக்கூட்டை மூடினார். "அதுக்கு நேரம் எங்க இருக்கு?" என்று எழுந்து போய்விட்டார். போல்ட்டைப் பற்றிப் பிறகு அவர் பேசவில்லை. நானும் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன், இன்னொரு போல்ட்டு வந்தால் மாட்டுவதற்கு நான் இருக்கமாட்டேன் என்று. அவர் காதில் விழும் தூரத்தில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆச்சி காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முதலாளிக்கு பிளக்கின்மேல் பக்தி வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் புகழ்ந்த பொருள் அல்லவா? இலுப்பூரிலிருந்து வியாபாரி வந்தாலும், மீமிசலிலிருந்து கருவாடு ஏற்றிய லாரிக்காரர் வழி கேட்டு நின்றாலும், பிளக்கின் மகிமையைக் கேட்காமல் போக முடியாது. சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டு விடுவார். வேலையை எனக்கு உதவியாக உமி தள்ளுபவரிடம் விட்டுவிட்டு நான் ஆபீஸ் அறைக்குப் போய்ப் படம் போட்டு விளக்க வேண்டும்.

அறுவடை முடிந்த சமயம். இலுப்பூர்ப் பக்கம் புதிதாக ஆலை வைக்கப் போகும் ஒருவர் வந்திருந்தார். நான் படம் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகும் என்று சொல்லி, உருகிய துளையைப் பென்சிலால் வரைந்தேன். அந்த நேரம் கொட்டகைப் பக்கம் புஸ்ஸென்று சத்தம். கிணற்றில் பம்பு இழுக்கும் குழாயின் வாயைப் பனையோலை அடைத்து, அரை மணி நேரமாகத் தண்ணீரே ஏறவில்லை. உமி தள்ளுபவர் உமியைத்தான் தள்ளினார். கண்ணாடிக் குழாயைப் பார்ப்பது அவர் வேலையில்லை. பார்க்க வேண்டிய நான் அதைப் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுந்து ஓடினேன். பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல." வந்தவர் அசந்துபோனார். தனக்காகவே உருக்கிக் காட்டியதாக நினைத்துக்கொண்டார். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

களத்துப் பெண்கள் சாலைவரை ஓடிப்போய் நின்றிருந்தார்கள். ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் ஆறவிட்டு, அடுப்புக்குள் தவழ்ந்து போய்க் கூரையைப் பார்த்தேன். பிளக்கைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு இரும்பு சூட்டில் பழுத்து நீலம் பாய்ந்திருந்தது. தடவினால் ஒரு இடம் லேசாகக் கீழே தொங்கியது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த நினைப்பு, பித்தளை போல்ட்டு இருந்த மாதத்துக்குப் போய் நின்றது. அந்த மாதத்தில் பனையோலை அடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். என் சாமர்த்தியம் அதில் எதுவும் இல்லை. உள்ளேயே சாம்பலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே முதலாளி யாரிடமோ, "உள்ள ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காரு" என்று சொல்வது கேட்டது.

அதன்பிறகு ஆபீஸ் அறைக்குப் போக மறுத்துவிட்டேன். யார் வந்தாலும் பாய்லர் கொட்டகைக்கு வந்து கேட்கட்டும், நான் குழாயைப் பார்த்தபடியே பதில் சொல்வேன் என்றேன். முதலாளி முணுமுணுத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். மதராஸிலிருந்து ஆறு பிளக் வரவழைத்து அலமாரியில் பூட்டி வைத்தார். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் கூடவில்லை. மகளுக்குக் காரைக்குடிப் பக்கம் நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாய்லர் பார்க்காமல் திரும்பியவர்கள் குறைவு.

இரண்டு வருடம் கழித்து ஒரு நூற்பாலையில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்குள் முதல் வகுப்பும் எழுதித் தேறியிருந்தேன். முதலாளி தன் கையாலேயே நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். ஈயம் சம்பந்தப்பட்ட விஷயங்களில் இவர் என்னிடம் நேரடியாகப் பயிற்சி பெற்றவர் என்று எழுதியிருந்தது. நூற்பாலை மானேஜரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமலே கோப்பில் சொருகிவிட்டு, பாய்லர் கொட்டகை எங்கே இருக்கிறது என்று கை காட்டினார்.